தாமிரபரணிக் கரை மண்டபங்களில் கைவைக்கும் முன்: ஒரு திறந்த மடல்

தாமிரபரணிக் கரையின் கல்மண்டபங்களையும் படித்துறைகளையும் புதுப்பிக்க மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், அதற்கு ஒப்புதல் தரும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். இந்த மண்டபங்கள் எத்தனையோ வெள்ளம் கண்டும் நிற்பதற்குக் காரணம், தண்ணீருக்கு வழிவிடுவதுதான். திருநெல்வேலிக் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. நீர் மோதும் முகம் படகு முனைபோலக் கூராக இருக்கும். வெள்ளம் வருமுன் உற்சவர் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். 1843இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்திலும் தண்ணீர் புகுந்துபோக 11 வளைவுகள். ஆகவே மதிப்பீட்டிலிருந்து முதலில் நீக்க வேண்டியது, தூண்களுக்கு நடுவே சுவரும் கம்பிக்கதவும் போடும் வேலையை. அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை) பரிகாரத்துக்காக ஆற்றில் விடும் துணியும் கம்பியில் சிக்கினால் மண்டபம் ஒரே இரவில் அணையாகிவிடும். கல்தூண் மேல்பாரத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டுத் தள்ளலுக்குச் சாயும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் இதை எழுத வேண்டியிருக்கிறது!

அடுத்தது சிமெண்ட். பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை வேலைக்கு அது மிகவும் இறுக்கமானது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, உப்போடு சேர்ந்து பக்கத்துச் செங்கல்லைப் பொரியவைக்கும். சிமெண்ட் அப்படியே நிற்க, அதைச் சுற்றியுள்ளது உதிரும். மேல்தளத்தில் கான்கிரீட் ஊற்றினால் பாரம் கூடி, கீழே கூரையாகப் பாவிய கல் விரிசல் விடும். பழைய தளத்தைப் பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டித்து, நீர் வடியும் வாட்டம் பார்த்துத் தட்டையான ஓடு பதித்தால் போதும்.

கல் இணைப்புகளுக்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. படித்துறைபோல எப்போதும் நனையும் இடத்தில் இந்தக் கலவை இறுகாது. காற்றுப் பட்டால்தான் வெறும் சுண்ணாம்பு கெட்டியாகும். அங்கே சுண்ணாம்பு 1, செங்கல்தூள் 1, மணல் 2 என்று கலக்க வேண்டும். இணைப்பை அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்காவது சுரண்டிவிட்டு, நனைத்து, பிறகு திணிக்க வேண்டும். மேலோடு பூசினால் அடுத்த கோடையிலேயே உரிந்துவிடும். காரை காயாமலிருக்க அதன்மேல் ஈரச்சாக்கு இரண்டு வாரமாவது கிடக்கட்டும்.

அரசங்கன்றைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். இளங்கன்றை மழை ஈரத்தில் கையால் பிடுங்கலாம். முற்றியதை அறுத்து, வெட்டுவாயில் மட்டும் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுங்கள். தெளிக்கவே கூடாது, கீழே ஓடுவது குடிநீர். வேர் பட்டுப்போனபின் அந்த இணைப்பைத் திறந்து, வேரை எடுத்து, காரையால் நிரப்ப வேண்டும். இதை விட்டால் மீண்டும் தளிர்க்கும்.

கல்வெட்டுள்ள கல்லில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது, எனாமல் பூசுவது, எண் எழுதுவது மூன்றும் வேண்டாம். கரையின் மருத மரங்களையும் 'அழகுபடுத்தல்' என்ற பெயரில் வெட்டிவிடாதீர்கள். மண்ணைப் பிடித்திருப்பது அவற்றின் வேர்தான்.

படித்துறையின் கீழ்ப்படிகளில் செய்யும் வேலை, கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறக்குமுன் முடிய வேண்டும். மாசியில் தொடங்கினால் முடியும். மேல்தளம் ஐப்பசி மழைக்குள் இறுகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் புரட்டாசியில்தான் கையெழுத்தாகிறது என்றால், செடியை மட்டும் அகற்றிவிட்டு, மற்ற வேலையை அடுத்த மாசிக்குத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைக் கற்கட்டுமானப் பராமரிப்பில் ஈடுபட்டிருப்போர்