பெரியப்பாவின் வாக்கும் என் வாக்கும்

அன்புள்ள மகளுக்கு,

பெல்ஃபாஸ்டிலிருந்து நீ அனுப்பிய மடலை அம்மாவும் நானும் வாசித்தோம். 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கு வாக்களித்தவர்கள் ஒன்றில் ஏமாந்தவர்கள், அல்லது வெளிநாட்டவர்மேல் வெறுப்புக் கொண்டவர்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் ஒன்றியத்தில் இருப்பதற்கே வாக்களித்தேன். நாளைக்கு அதே சீட்டைக் கையில் தந்தாலும் அதே கட்டத்தில்தான் புள்ளடி இடுவேன். ஆனாலும் உன் அந்த வரியை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. விலக வேண்டும் என்று வாக்களித்த 1 கோடியே 74 லட்சம் பேரில் உன் பெரியப்பாவும் ஒருவர். அவர் ஏமாளியும் அல்ல, வெறுப்புக் கொண்டவரும் அல்ல.

அவருடைய காரணம் அவருடைய கடைக்குள் இருந்தது. கொத்துரொட்டிக் கல்லில் நின்று பழகிய ஓர் ஆளை யாழ்ப்பாணத்திலிருந்து எடுக்க அவர் பல காலம் முயன்றார். அந்த நாள் விதிப்படி சமையல்காரருக்கு வேலை விசா பெற ஆண்டுக்கு 29,570 பவுண் சம்பளம் காட்ட வேண்டும். சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தனுப்பும் கடையென்றால் அந்த விசாவே கிடையாது. அதே நேரத்தில் ஒன்றியத்தின் எந்த மூலையிலிருந்தும் அதன் குடிமகன் ஒருவர் விசா எதுவும் இல்லாமல் வந்து வேலைக்குச் சேரலாம். ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் இந்தப் பாகுபாடு ஒழியும், கறிக்கடைகள் பிழைக்கும் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் போன்றவர்கள் பிரசாரம் செய்தார்கள். ஐரோப்பியருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா என்று பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி. பிறகு நடந்தது வேறு: 2024 ஏப்ரலில் சம்பள வரம்பு 38,700 பவுணாக ஏறியது, 2025 ஜூலையில் சமையல்காரர் வேலை அந்த விசாவுக்குத் தகுதியான தொழில்களிலிருந்தே நீக்கப்பட்டது. வாக்குறுதி தந்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் விலகல் தரப்பின் வலுவான வாதம் கடையிலோ குடிவரவிலோ இல்லை. ஒரு நாட்டை ஆளும் சட்டங்களை இயற்றுபவர்களை அந்த நாட்டு மக்கள் வாக்களித்து அனுப்பவும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் முடிய வேண்டும் என்பதே அது. ஒன்றியத்தில் புதிய சட்டத்தை முன்மொழியும் உரிமை பெரும்பாலும் ஐரோப்பிய ஆணையத்திடம் இருக்கிறது. ஆணையர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 1988-இல் ஸ்பானிய மீன்பிடிப் படகுகளைக் கட்டுப்படுத்த பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1990-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், பாராளுமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டத்தின் செயற்பாட்டைப் பிரித்தானிய நீதிமன்றமே நிறுத்திவைத்தது. இதை அறிந்த ஒருவர், என் வாக்கால் மாற்ற முடியாத அதிகாரம் ஒன்று எனக்கு மேலே இருக்கிறது என்று சொன்னால், அவரை அறிவிலி என்று ஒதுக்குவது நமக்கு அழகல்ல.

நான் அவர்களோடு ஏன் நிற்கவில்லை என்றால், அந்த மேசையில் பிரித்தானியாவுக்கும் ஒரு நாற்காலி இருந்தது, அதுவும் மற்றவர்களுக்குக் கிடைக்காத சலுகைகளோடு. யூரோவில் சேரவில்லை, எல்லைச் சோதனையில்லாப் பயணத்துக்கான ஷெங்கன் ஏற்பாட்டில் சேரவில்லை, 1984 முதல் கட்டணத்தில் தள்ளுபடியும் பெற்றது. இன்று முறைப்பாடு செய்யப்படும் ஒற்றைச் சந்தையை, அதாவது உறுப்பு நாடுகளுக்கிடையே பொருட்களும் ஆட்களும் தடையின்றிச் செல்லும் ஏற்பாட்டை, உருவாக்க முன்னின்றதே தாட்சர் அரசாங்கம்தான். ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண் அனுப்புகிறோம் என்று விலகல் பிரசாரத்தார் சிவப்புப் பேருந்தில் எழுதியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொகையில் தள்ளுபடிகூடக் கழிக்கப்படவில்லை. இழப்பைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன்: உறுப்புரிமை தொடர்ந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிட்டால், நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் ஏறத்தாழ 4 விழுக்காடு குறையும் என்று அரசின் சுயாதீன வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் கணக்கிட்டது. முதலில் அடிபட்டவர்கள் சிறு வணிகர்கள். பெரிய நிறுவனம் சுங்கப் படிவங்களுக்கென ஆட்களை வைத்துக்கொள்ளும்; பாலாடைக்கட்டி செய்து பிரான்சுக்கு அனுப்பிவந்த ஒரு குடும்பம், ஒவ்வொரு பொதிக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதைவிட அந்த வாடிக்கையாளரை இழப்பதே மலிவு என்று முடிவு செய்துவிடும்.

யார் வாக்களிக்க முடிந்தது என்பது இன்றும் என் மனதை உறுத்துகிறது. நெதர்லாந்தில் அகதியாக ஏற்கப்பட்டு, அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்குக் குடிபெயர்ந்த உன் மாமிக்கு அன்று வாக்கு இல்லை. பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கலாம் என்பதால், அவருடைய வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த மாணவனுக்கு வாக்கு இருந்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க் என்று பல நாடுகளிலிருந்து இப்படி வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், தங்கள் தலைவிதி முடிவாகும் நாளில் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

இனி நீ வாழும் வட அயர்லாந்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாக்கை நிலைநிறுத்தியது அதுதான். அங்குள்ள நியூரியிலிருந்து அயர்லாந்துக் குடியரசின் டண்டாக்குக்குப் பேருந்தில் போனபோது, பலகையில் மைல் போய்க் கிலோமீற்றர் வந்ததைக் கண்டுதான் எல்லையைக் கடந்ததை அறிந்தேன் என்று முன்பு எழுதியிருந்தாய். ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த எல்லையில் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் வீதிகள் கடந்து செல்கின்றன. 3,500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வட அயர்லாந்து மோதல் காலத்தில், அங்கே கண்காணிப்புக் கோபுரங்களும் இராணுவச் சாவடிகளும் நின்றன. சிறு பாதைகளை இராணுவம் வெட்டிப் போட்டிருந்தது. இலங்கைப் போர்க்காலத்தில் ஓமந்தைச் சாவடியில் பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, அடையாள அட்டையை நீட்டி, சிப்பாயின் முகத்தைப் பார்த்தபடி நின்ற எனக்கு, அப்படி ஒரு சாவடி இல்லாமற் போவதன் பெறுமதி தெரியும். 1998 ஏப்ரல் 10-இல் கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்பாடு என்ற அந்தச் சமாதான உடன்பாட்டுக்குப் பிரித்தானியாவும் அயர்லாந்தும் ஒரே ஒன்றியத்தில் இருந்தது பெரும் துணையாக அமைந்தது.

பிரித்தானியா ஒற்றைச் சந்தையையும் விட்டு வெளியேறியதும், சோதனையை எங்கேயாவது வைத்தே ஆக வேண்டியிருந்தது. தரையில் வைக்க யாரும் துணியவில்லை; ஆகவே ஐரியக் கடலில் வைத்தார்கள். அதனால் ஒரே நாட்டுக்குள் லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் பொருள் அனுப்பவும் தாள் நிரப்ப நேர்ந்தது. 2022 பெப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஸ்டோர்மொன்டில் உள்ள வட அயர்லாந்து அரசாங்கமே இயங்காமல் கிடந்ததற்கு இதற்கு எழுந்த எதிர்ப்புதான் காரணம். பிரித்தானியாவும் ஒன்றியமும் செய்துகொண்ட 2023-இன் வின்ட்சர் உடன்பாடு சுமையைக் குறைத்தது, தீர்க்கவில்லை. இன்றும் வட அயர்லாந்தில் பொருட்கள் தொடர்பான பல ஐரோப்பியச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றை இயற்றும் சபையில் அந்த மக்களுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை. தாங்கள் வாக்களிக்காத சட்டம் தங்களை ஆளக்கூடாது என்பதே விலகல் தரப்பின் தலையாய வாதம். அந்த விலகலே, ஒன்றியத்தில் நீடிக்க 55.8 விழுக்காட்டினர் வாக்களித்த ஒரு மண்ணில், அதே குறையை முன்பைவிட மோசமாக நிலைநாட்டிவிட்டது. ஸ்டோர்மொன்ட் சபைக்கு ஆட்சேபிக்க ஒரு வழி தரப்பட்டிருந்தாலும், அது இழந்த நாற்காலிக்கு ஈடாகாது. பெரியப்பாவோடு நான் வாதிடும்போது பேருந்தையும் பணத்தையும் விட்டுவிட்டு இதை மட்டுமே கேட்பேன். அவரும் இந்த இடத்தில் சற்று நிதானிப்பார்.

மீண்டும் சேர வேண்டும் என்று உன் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் புதிதாக விண்ணப்பிக்கும் நாட்டுக்குப் பழைய தள்ளுபடி காத்திருக்காது, யூரோவை ஏற்கும் கடப்பாடும் வரும். அதைச் சொல்லாமல் வாக்குக் கேட்டால், 2016-இல் செய்ததையே நம் பக்கமும் செய்ததாகிவிடும். 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்கும் உடன்பாட்டுக்கு இரு தரப்பும் இணங்கின. பதிலுக்கு ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரித்தானியக் கடலில் மீன்பிடிக்க அனுமதி பெற்றன. இப்போதைக்கு நான் எதிர்பார்ப்பது அந்த உணவு உடன்பாடு சீக்கிரம் நடைமுறைக்கு வருவதையே.

பெரியப்பாவுக்கு ஒருமுறை தொலைபேசி எடு. உன் வரியை அவரிடமே சொல்லி, அவருடைய பதிலையும் கேள்.

அன்புடன்,
அப்பா