தலைநகரின் பேட்டைகளும் சேலத்தாரும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, நம் மன்றத்தின் இவ்வாண்டுக் கூட்டங்கள் யாவும் சென்னை மாநகரைப் பற்றியே நடைபெற்றன. கோட்டையையும் கவர்னர்களையும் பின்னுக்கு வைத்து, எந்தப் பேட்டையில் யார் குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்து பிழைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என நம் சேலத்தின் அம்மாபேட்டை, குகைப் பகுதி உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். அது மிகச் சரியான யோசனை என்பது முதல் கூட்டத்திலேயே விளங்கியது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி அப்பகுதியை ஆண்ட நாயக்கரிடம் பெற்ற கடற்கரையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைக்கு அப்பால் நின்றன. அப்படியிருந்தும் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே அந்த இடத்தை விரும்பியதற்கு முக்கியக் காரணம், அங்கே துணி மலிவாகக் கிடைத்ததுதான். தலைநகரம் தறியால் பிறந்த ஊர் என்று சொல்வது மிகையாகாது.

கார்த்திகையில் ஏற்காடு விரைவு வண்டியில் இரவு புறப்பட்டுச் சென்ற நம் குழு, காலையில் முதலில் பார்த்தது சிந்தாதிரிப்பேட்டையை. 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து ஓடும் இடத்தில் வணிகர் சுங்குராமருக்குச் சொந்தமான தோட்டத்தை எடுத்து அமைத்த நெசவாளர் குடியிருப்பு அது. நெய்வோர், நூற்போர், துணியில் சித்திரம் தீட்டுவோர், வெளுப்போர், கோயில் ஊழியர் ஆகியோரைத் தவிர மற்றவர்களைக் குடியேற்றலாகாது என்று நிபந்தனையே விதிக்கப்பட்டிருந்தது. ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் அருகருகே அமைந்த கோயில்கள் இன்றும் அந்தக் குடியேற்றத்தின் நடுவிடத்தைக் காட்டி நிற்கின்றன. நம்மோடு வந்த மூத்த நெசவாளர் ஒருவர், வீடுகளைவிட்டுத் தெருவின் நீளத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்; பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) நீட்டுவதற்கு இந்தத் தெரு போதும் என்று அவர் சொன்னது எந்தக் கட்டுரையிலும் நாங்கள் படித்திராத செய்தி.

வண்ணாரப்பேட்டையைப் பற்றிய கூட்டத்தில் சர் பிட்டி தியாகராயரைப் பற்றி விரிவாகப் பேசப்பட்டது. நீதிக்கட்சித் தலைவராகவே அறியப்பட்ட அவர், ஏறத்தாழ நூறு தறிகள் கொண்ட நெசவாலையை நடத்தியவர். கயிற்றை இழுத்தால், குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா தானே ஓடும் விசைநாடா முறையைச் சென்னையில் பரப்ப முயன்றவர். குழித்தறியில் கையால் நாடா எறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் அவையில் இருந்ததால், அன்றைய விவாதம் இரவு வரை நீண்டது. 1920களில் மாம்பலத்தில் எழுந்த தியாகராய நகர் அவர் பெயரையே தாங்குகிறது.

அதே தியாகராய நகரின் பசுல்லா சாலையில்தான், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி தம் முதுமைக் காலத்தில் வாழ்ந்தார். அவர் வழக்கறிஞர் தொழிலுக்காகச் சேலத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த புதிதில், 1919 மார்ச்சில், காந்தியடிகள் அவருடைய விருந்தினராகத் தங்கினார். அந்த பங்களா 'இந்து' நாளிதழின் கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தமானது என்பதால், தாம் அவருடைய விருந்தினர் என்றே இரண்டு நாள் எண்ணியிருந்த காந்திக்கு, அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. விசாரணையின்றிச் சிறை வைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தும் எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்தது. அந்த ஆலோசனைகளில் கலந்துகொண்டு, சத்தியாக்கிரகத்துக்கு விரிவான கையேடு எழுதுமாறு காந்தியைக் கேட்டவர் நம் சேலம் விஜயராகவாச்சாரியார். நம் ஊர்ப் பள்ளிப்பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது என்பது என் உறுதியான கருத்து.

நம் சேலம் வட்டாரத்தை அடுத்த பாராமகால் பகுதியில் 1792 முதல் வரிவசூல் பணியாற்றிய தாமஸ் மன்றோ பின்னாளில் சென்னை கவர்னரானதையும், தீவுத்திடல் அருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அவர் சிலை நிற்பதையும் ஒரு கூட்டத்தில் பேசினோம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி குறித்த கூட்டங்களும் நிறைவாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் நம் அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களை இதே முறையில் ஆராய்வதென்றும், வெண்பட்டு நெய்த முதியவர்களின் வாய்மொழிகளை முதலில் பதிவு செய்வதென்றும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. இதற்குப் பொதுக்குழு ஒப்புதல் வழங்குமாறு வேண்டி, இவ்வறிக்கையை அவைமுன் வைக்கிறேன்.