பொன்னாடையைக் குறையுங்கள், ரொட்டியைக் கூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊர்க் கொண்டாட்ட நாள் நடத்துவதென்றால் அனுசரணையாளர் வேண்டும், பிரதம அதிதி வேண்டும், இதெல்லாம் இல்லாமல் தேயிலைத் தோட்டத்தில் ஒன்றும் நடக்காது என்று போன வாரம் உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி நடத்துகிறவள். அதிதியை வைத்தும் செய்து பார்த்தோம், வைக்காமலும் செய்து பார்த்தோம், அதனால்தான் எழுதுகிறேன்.

முந்தின வருடம் அவர் சொன்ன மாதிரியேதான் செய்தோம். காலை 10 மணிக்கு வருவதாகச் சொன்ன அதிதி வந்து இறங்கும்போது மத்தியானம் ஒன்றரை. அப்புறம் மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம், விட்டுப்போன யாருக்கோ மறுபடியும் ஒரு பொன்னாடை. என் பிள்ளைகள் தேயிலை பறிப்பதைக் காட்டும் கொழுந்து நடனத்துக்காக மெல்லிய சேலையைக் கட்டி முதுகில் சின்னக் கூடையை மாட்டிக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறார்கள். எங்கள் பக்கம் மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும், மேடையிலிருந்து பார்த்தால் முதல் வரிசை முகம்கூடத் தெரியாது. அந்தப் பனியில்தான் பிள்ளைகளை மேடையேற்றினார்கள், ஒருத்திக்கு உதடெல்லாம் நீலம், கன்னத்துப் பவுடரில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியிருந்தது. பார்ப்பதற்கு அம்மாமார் யாரும் இல்லை. பீலிக் குழாயில் தண்ணீர் நின்றுபோவதற்குள் பிடிக்க வேண்டுமே, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி வரை உட்கார்ந்திருந்தது அதிதியோடு வந்தவர்கள் மட்டும்தான், அவர்களும் போனைப் பார்த்துக்கொண்டு.

1823இலிருந்து எண்ணினால் மலையகத் தமிழர் நாம் இந்தியாவிலிருந்து இந்த மலைக்கு வந்து 200 வருடம் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாடுவதற்கு இன்னுமா ஒருவர் வந்து விளக்கேற்றித் தர வேண்டும்? மாசியில் ரதி, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு யாராவது பிரதம அதிதியைத் தேடுகிறோமா? ரதி வேஷம் யார் கட்டுவது, தப்பு மேளம் யார் அடிப்பது, எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) யார் வீட்டில் சாப்பாடு என்பதெல்லாம் எழுதிவைக்காமலேயே நடக்கிறது. இந்த ஏற்பாட்டுத் திறமை நம் கையில் இருந்துகொண்டே இருக்கிறது, மைக்கும் மேடையும் வந்தால் மட்டும் ஏனோ மறந்துபோகிறது.

சரி, போதும் என்று போன வருடம் மாதர் சங்கத்தில் உட்கார்ந்து பேசினோம். முதலில் எந்த நாள் என்று முடிவு செய்தோம், செலவை அப்புறம்தான். பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வைத்தால் சாராயத் தவறணை பூட்டியிருக்கும், சண்டை வராது என்று ஒருவர் சொன்னார், நல்ல யோசனைதான், ஆனால் கீழே கொலனியில் இருக்கிற சிங்களக் குடும்பங்கள் அன்றைக்கு சில் என்ற பௌத்த நோன்பு எடுப்பார்கள், பன்சலைக்கு (விகாரைக்கு) போவார்கள், அவர்களை விட்டுவிட்டு ஊர் நாள் என்று சொல்ல முடியுமா. ஆகவே பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. வைகாசி பிறந்தால் எங்கள் சரிவில் மழை பிடித்துக்கொள்ளும், பிறகு மைதானத்தில் ஆட்களைவிட அட்டைப்பூச்சிதான் அதிகம். காலை எட்டரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடித்துவிடுவது. வீட்டுக்கு 200 ரூபாய், அரைக் கிலோ மாவு, முடிந்தவர்கள் ஒரு தேங்காய். மைதானத்துக்குத் தோட்டத்தில் அனுமதி, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, கிராம சேவகருக்கு ஒரு வார்த்தை, பக்கத்தில் பரீட்சை ஏதும் இருக்கிறதா என்று பள்ளிக்கூடத்தில் ஒரு விசாரிப்பு. இவ்வளவுதான் அலுவலக வேலை. (இதற்கு நாலு தடவை நடந்தது வேறு கதை.)

எங்கள் மைதானம் சரிவு. கயிறு இழுத்தலில் கீழே நிற்கிறவர்கள்தான் எப்போதும் ஜெயிப்பார்கள், அதனால் ஒவ்வொரு தடவையும் பக்கம் மாற்றி இழுக்க வைத்தோம். சாக்கு ஓட்டம், பனிஸ் தின்னுதல், உறியடி எல்லாம் வழக்கம்போல. ஆனால் இன்னும் எல்லோரும் சொல்லிச் சிரிப்பது ஆண்களுக்கு வைத்த கொழுந்து பறிக்கும் போட்டியைத்தான். மைதானத்து ஓரமாக இரண்டு தேயிலை நிரையைக் கேட்டு வாங்கி, ஆண்களுக்கு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையை மாட்டி இறக்கிவிட்டோம். பத்து நிமிடம். இரண்டு இலையும் அரும்பும் கேட்டால் முத்தல் இலையையும் குச்சியையும் சேர்த்துப் பிடுங்கி வருகிறார்கள். முப்பது வருடம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன அக்கா ஒருவர் கணக்கப்பிள்ளை மாதிரி கையில் கொப்பியோடு நின்று, "இது என்ன, கொழுந்தா, மாட்டுக்குப் புல்லா?" என்று கூடையைக் கவிழ்த்துவிட்டார். தராசில் மூன்று கிலோ காட்டியது, "கூடைக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோ" என்று கழித்து ஒரு கிலோ எழுதினார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றவர்கள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

என் பிள்ளைகள் ஒன்பதே கால் மணிக்கு வெயிலில் ஆடினார்கள், அம்மாமார் புல்லில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன் வருகிறது, மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு, எல்லாம் நல்லதுதான். ஆனால் ஐந்து பேர் உள்ள குடும்பம் பஸ்ஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் கொடுத்துவிட்டு வந்தால் அந்த மாதக் கடைக்கணக்கு என்னாவது? எங்கள் ஆட்களில் பலர் அங்கே போவதே கடலை விற்கத்தான்.

குறை இல்லாமலும் இல்லை. கழிப்பறைக்கு லயத்து வீடுகளைத்தான் நம்பினோம், வயதானவர்கள் ஏறி இறங்கிக் கஷ்டப்பட்டார்கள். ஒலிபெருக்கிக்காரர் மதியத்துக்குப் பிறகு தன் இஷ்டத்துக்குப் பாட்டுப் போட்டார். அப்புறம் பெரிய குறை, அடுப்படியில் நின்ற எட்டுப் பெண்கள் கொழுந்துப் போட்டியையே பார்க்கவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆகவே அடுத்த முறை ரொட்டியும் கட்டச் சம்பலும் (மிளகாய்ச் சம்பல்) ஆண்கள் பொறுப்பு என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டாயிற்று. தலைவர் கையெழுத்தும் வைத்துவிட்டார், மாவு பிசையத் தெரிந்தவர்கள் பெயரைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம், இதுவரை மூன்று பேர்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை