இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறினால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார்களின் டேஷ்போர்டு மீட்டர்கள் தவறாகக் காட்டத் தொடங்கினால், பழுது பார்த்து நேரத்தை வீணாக்காமல் முழு செட்டையும் மாற்றிவிடுவதே நல்லது என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகருக்குப் பதில் அளிக்கப்பட்டிருந்தது. என் தகப்பனார் 1984-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 காரை இன்றும் ஓட்டிவருபவன் என்ற முறையில் அந்த ஆலோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் காருக்கு டிங்கரிங், பெயின்டிங் வேலை செய்தேன். வண்டி வீடு வந்த மறுவாரமே எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள் சிவப்பை ஒட்டி நிற்கத் தொடங்கியது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், முள் இறங்கவில்லை. இதற்கிடையில், டேங்கில் இன்னும் பெட்ரோல் இருப்பதாக மீட்டர் காட்டிக்கொண்டிருக்கும்போதே உடுமலைச் சாலையில் வண்டி நின்றுபோனது. புதிய பெட்ரோல் மீட்டர் வாங்கிப் பொருத்தினோம். அதுவும் அதே பொய்யைச் சொன்னது. கடைசியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு முள்ளும் சேர்ந்தேதானே ஏற ஆரம்பிச்சுது?"

சூட்சுமம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. இவ்வகை மீட்டருக்குள் இரு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும்; மின்சாரம் பாயும்போது தகடு சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. இக்னிஷனைப் போட்டதும் முள் துள்ளாமல் நிதானமாக ஏறுவது இதனால்தான். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து 14 வரை மாறும் என்பதால், மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி, தீப்பெட்டி அளவிலான ஒரு ஸ்டெபிலைசர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இணைப்பை விட்டுவிட்டுத் துண்டித்துக்கொண்டே இருக்கிறது. அதன் தகரக் கூடு காரின் உலோகப் பாடியைத் தொட்டு எர்த் ஆகியிருந்தால்தான் அது துண்டிக்கும். இல்லையென்றால் பேட்டரியின் முழு அழுத்தமும் இரண்டு மீட்டர்களுக்கும் போய்விடும். என் காரில் அதன் திருகாணி உட்காரும் இடத்தில் பெயின்டர் தாராளமாகப் பெயின்ட் அடித்து, அந்த எர்த் கிடைக்காமல் செய்திருந்தார். பெரியவர் ஒரு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளபளத்ததும் திருகாணியை முடுக்கினார். வெப்பமானி முள் நடுவில் வந்து நின்றது.

ஆகவே, இரண்டு மீட்டர்களும் சேர்ந்து தவறினால் ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து செத்துக் கிடந்தால் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் மீட்டர் மட்டும் தவறினால், இக்னிஷனை அணைத்துவிட்டு, டேங்கில் மிதவையோடு இருந்து பெட்ரோலின் அளவை மீட்டருக்குத் தெரிவிக்கும் சென்டரின் (sender) ஒயரைக் கழற்றிப் பாடியில் இணைத்து, பிறகு இக்னிஷனைப் போட்டால், நல்ல மீட்டரின் முள் 'ஃபுல்' நோக்கி ஏறும். அங்கே போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் உடனே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சுருள் கருகும். முள் ஏறினால் குற்றம் சென்டரிலோ டேங்கின் எர்த்திலோதான். டேங்க் அருகே பொறி பறந்தால் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெப்பமானிக்கான சென்டரைக் கழற்றிச் சுடுநீரில் நனைத்து, மல்டிமீட்டரில் மின்தடையின் ஓம் அளவு குறைகிறதா என்று பார்த்தாலே போதும்.

இத்தனைக்கும் பிறகு மீட்டரே கெட்டது என்று உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எதையும் மாட்டிவிட முடியாது. அம்பாசடரின் சென்டரில் டேங்க் நிறைய நிறைய ஓம் குறையும். விடிஓ (VDO) என்ற நிறுவனத்தின் வகையிலோ காலி டேங்குக்கு 10 ஓம், நிறைந்ததற்கு 180 ஓம் என்று தலைகீழாக இருக்கும். பொருந்தாத மீட்டரை மாட்டினால் டேங்க் நிறைந்திருக்கும்போது காலி என்று காட்டும். ஸ்பீடோமீட்டரை மாற்றுபவர்கள் அதன் முகப்பில் பொடி எழுத்தில் அச்சிட்டுள்ள, குறிப்பிட்ட தூரத்துக்குக் கேபிள் எத்தனை முறை சுற்றும் என்ற எண்ணையும் ஒத்துப்பார்க்க வேண்டும். முள் வெறுமனே ஆடுகிறது என்றால் மீட்டரைத் தொடவே வேண்டாம், பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ மடங்கியிருக்கும்.

டேஷ்போர்டைத் திறப்பதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் தங்கள் பதிலில் சேர்த்திருக்கலாம். பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டருக்கு வரும் தடித்த ஒயருக்குப் பல பழைய வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் ஒருமுறை தவறிப் பட்டாலே ஒயர் தீப்பற்றும்.

என் பழைய பெட்ரோல் மீட்டரைப் பட்டறையின் பழைய இரும்பு டப்பாவிலிருந்து தேடி எடுத்து மீண்டும் பொருத்திவிட்டேன். புதியதைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டதால், அது அட்டைப்பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பொள்ளாச்சி.