காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை: பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

"பிள்ளை இன்னும் ஒரு எழுத்தும் எழுதவில்லையே, காலை முழுக்க முன்பள்ளியில் என்னதான் செய்கிறது?" என்று பலர் கேற்றடியில் வைத்துக் கேட்கிறீர்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பேசி முடிக்கிற விடயம் இல்லை இது. அதனால் எழுதுகிறோம். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட வயதுச் சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

இந்த வயதில் சப்பாத்தைக் கழற்றுவதும் கை கழுவுவதும் தண்ணீர் ஊற்றிக் குடிப்பதும்தான் பாடம். கை கழுவுவதையே எடுங்கள். பதிவான மேசையில் ஒரு பேசின், ஒரு சின்ன ஜக், சிறிதாக வெட்டிய சவர்க்காரத் துண்டு. முழுக் கட்டி வைத்தால் சின்னக் கைக்குள் அடங்காமல் வழுக்கி ஓடிவிடும். ஜக்கில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீர் விடுவோம். பிள்ளை அதைப் பேசினுக்குள் ஊற்றும், கையை நனைக்கும், தேய்க்கும், வந்த நுரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும். அலசி, தன் படம் ஒட்டிய கொளுக்கியில் தொங்கும் துவாயில் துடைத்து, அழுக்குத் தண்ணீரை வாளிக்குள் கொட்டி, மேசையையும் துடைத்து வைக்கும். நீங்கள் கழுவிவிட்டால் அரை நிமிட வேலை. பிள்ளை செய்தால் கால் மணித்தியாலம் போகும், முடிந்த கையோடு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். நாங்கள் தடுப்பதில்லை. கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. பிள்ளை இப்போது பழகுவது எது முதல், எது பிறகு என்ற வரிசையை. மணிக்கட்டைத் திருப்பி அளவாக ஊற்றவும் இதிலேதான் பழகுகிறது. நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிற கையும் அதுதான். சட்டை நனைந்து வருவதற்குக் காரணமும் தெரிந்திருக்கும்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை, மரியா மொண்டிசோரி காட்டிய வழி. அவர் இத்தாலியைச் சேர்ந்த ஒரு வைத்தியர். 1907இல் உரோமில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், ‘சிறுவர் இல்லம்’ என்ற பெயரில் சின்னப் பிள்ளைகளுக்கான தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். சத்தமில்லாமல் மூக்கைத் துடைப்பது எப்படி என்று ஒருநாள் செய்து காட்டியபோது அங்கிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். மூக்கைத் துடை என்று அதட்ட எல்லோரும் இருந்தார்கள், பொறுமையாகச் செய்து காட்டத்தான் ஆள் இருக்கவில்லை. அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

நாளின் ஒழுங்கை மாற்றாமல் வைத்திருப்பதும் பிள்ளை இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளத்தான். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்தால் வருகிற பிள்ளைக்கு வழியில் மான் பார்த்தே ஆகவேண்டும். அப்பா ஒருநாள் அவசரத்தில் வேறு ரோட்டால் கூட்டிவந்தால் அன்று காலை முழுக்க அழுகைதான். அது பிடிவாதம் இல்லை. மணிக்கூடு பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறவைதான் நேரம். சப்பாத்து, பாய் விரித்து வேலை, சாப்பாடு, முற்றம், பாட்டு, பிறகு அம்மா. ஆகவே விடைபெறும்போது "பன்னிரண்டு மணிக்கு வருவேன்" என்று சொல்வதைவிட "பாட்டு முடிய வருவேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். பிள்ளை வேறு பக்கம் பார்க்கும் நேரம் நழுவிப் போனால் அடுத்த நாள் சேலைத் தலைப்பை விடவே விடாது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அம்மம்மாமாருக்கும் இதைத் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

பம்பர்ஸ் விடயத்தில் எங்களுக்கு அவசரம் இல்லை. இரண்டு மணித்தியாலமாவது நனையாமல் இருக்கிறதா, நனைந்தால் வந்து சொல்கிறதா என்று பார்த்துத்தான் தொடங்குவோம். நிற்கப் பழகிய பிள்ளையைப் படுக்க வைத்து மாற்றுவதில்லை. நின்றபடியே காற்சட்டையைத் தானே இறக்கப் பழக்குகிறோம். இதற்கு இலாஸ்டிக் வைத்த காற்சட்டை வேண்டும். பெல்ட்டும் இறுகிய ஜீன்ஸும் கலியாண வீட்டுக்கு இருக்கட்டும். தவறிப் போய்விட்டால் இங்கே யாரும் "சீ" என்று சொல்வதில்லை, வீட்டிலும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிட்டு, இடியப்பம், அவித்த பயறு, வாழைப்பழம் எல்லாம் நல்லது. கச்சானும் முழுத் திராட்சையும் தொண்டையில் சிக்கும். ரம்புட்டானைக் கொட்டையோடு அனுப்பவே வேண்டாம். திராட்சை என்றால் நீளவாக்கில் வெட்டி அனுப்புங்கள். தண்ணீருக்குச் சின்னக் கண்ணாடிக் குவளைதான் கொடுக்கிறோம். விழுந்தால் உடையும் என்று தெரிந்தால்தான் கை கவனமாகப் பிடிக்கும். உடைந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு நாங்களே கூட்டி அள்ளுவோம்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு பதினொரு மணிவரை போன் பார்த்த பிள்ளை காலையில் எந்த வேலையிலும் கை வைக்காது, பக்கத்துப் பிள்ளையில்தான் வைக்கும்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் ஏறமுதல் முற்றத்து விளையாட்டை முடித்துவிடுவோம். மாரியில் நுளம்புதான் பிரச்சினை. மெல்லிய நீளக் கைச் சட்டை போட்டு விடுங்கள். காய்ச்சல் என்றால் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்தை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்; அஸ்பிரின், இபுபுரூபன் கூடவே கூடாது.

பைக்குள் பெயர் எழுதிய மாற்று உடுப்பு இரண்டு சோடி இருக்கட்டும்.

சரி, நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் முதல்நாளே சொல்லுங்கள், மூலையில் ஒரு கதிரை போட்டுத் தருவோம். உங்கள் பிள்ளை சப்பாத்தைக் கால் மாறிப் போட்டாலும் எழும்பி வந்து திருத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
முன்பள்ளி ஆசிரியைகள்
திருகோணமலை