சமுதாயக் கூடப் பணியில் ஊர் மக்களின் பங்குத் தொகைக்குப் பாதுகாப்புக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர் வசூல் கணக்கு எழுதுபவர்,
கடற்கரைக் கிராமப் பொதுமக்கள் சார்பாக,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: நமக்கு நாமே திட்டத்தில் சமுதாயக் கூடம் கட்டுதல் – டெண்டர் விடுவதற்கு முன் மதிப்பீட்டைத் திருத்தவும் பணத்துக்குக் காப்பு செய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். எங்கள் ஊரில் சமுதாயக் கூடம் கட்ட 30 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். அரசும் ஊராரும் சேர்ந்து பணம் போடும் இந்த நமக்கு நாமே திட்டத்தில், மூன்றில் ஒரு பங்கான 10 லட்சத்தை நாங்கள் கட்ட வேண்டும். வசூல் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. விசைப்படகில் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டாயிரம், பாசி எடுக்கும் பெண்கள் இருநூறு இருநூறாக, ஒரு பாட்டி கருவாடு விற்ற காசில் ஐம்பது. அந்த ஐம்பதுக்கும் ரசீது போட்டிருக்கிறேன். கூடம் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். பாதியில் பணம் தீர்ந்து வேலை நின்றுவிடுமோ என்பதுதான் கவலை.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம் பல வருடமாகத் தூண் மட்டத்தோடு நிற்கிறது. அதை எடுத்தவர் மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைத்துக் கேட்டு டெண்டரைப் பிடித்தார். கம்பி விலை ஏறியதும் ஆளைக் காணோம். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்கிறது. இப்போது அதில் ஆடு கட்டுகிறோம். ஆகவே, கட்டுப்படியாகாத விலை கேட்பவரிடம் அந்த விலையில் எப்படி முடிப்பார் என்று கணக்குக் கேளுங்கள். வேலையை விட்டுப் போகாமலிருக்கப் பிடித்து வைக்கும் காப்புத் தொகையையும் கூடுதலாக வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்கவே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். கலவைக்கும், தளம் போட்டபின் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும். மதிப்பீட்டில் அதற்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. தொகை இல்லாவிட்டால் யார் வேலை எடுத்தாலும் பக்கத்துக் கிணற்றில்தான் மோட்டாரை இறக்குவார். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் கம்பி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், கான்கிரீட் வெடிக்கும். அப்புறம் ரிப்பேர் செலவு யார் தலையில் விழும்? மேலும், கடற்காற்று படும் கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி எம்-30 வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பியின் மேல் 45 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. எங்கள் மதிப்பீட்டில் அதைவிட வலிமை குறைந்த எம்-20 என்று இருக்கிறது. திருத்தினால் மொத்தத் தொகை கூடும், எங்கள் பங்கும் கூடும். சரி, அதை இப்போதே சொல்லிவிட்டால் வசூலித்துக்கொள்கிறோம். வேலை நடுவில் வந்து கேட்டால் எங்களால் முடியாது; அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் உலை வைப்பதே கடனில்தான்.

வேலை உத்தரவு தை மாதத்தில் கிடைத்தால் ஐப்பசி மழைக்குள் மேல்தளம் போட்டுவிடலாம். ஆவணியில் தொடங்கினால் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும். இறைக்கும் செலவு தனி.

இடம் கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருப்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிக்கு உட்பட்டது. அனுமதியை டெண்டருக்கு முன்பே வாங்கிவிடக் கோருகிறோம்.

2025 ஜனவரி 5-இல் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலரிடம் போய்விட்டது. வார்டு உறுப்பினர் என்று போய்க் கேட்க ஆளில்லை. அதனால் ஓவர்சீயர் (பணி மேற்பார்வையாளர்) முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதும் அளவை ஊரார் மூன்று பேர், அதில் இருவர் பெண்கள், நேரில் பார்த்த பிறகே ஒவ்வொரு பில்லுக்கும் பணம் கொடுக்க வேண்டும். வரவும் செலவும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஏதோ காரணத்தால் வேலை தொடங்காமலே போனால், எங்கள் பங்கு எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதையும் எழுத்தில் தாருங்கள். பாட்டி அதைத்தான் முதலில் கேட்டார்.

ரசீதுகளின் நகலும் தூண்களின் புகைப்படமும் இணைத்துள்ளேன். அசல் நோட்டு தேவையென்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக,
(ஒப்பம்)