முதல் போர்க்கப்பல் மாடல்: பெயரைப் பார்க்காதீர்கள், அகலத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ரிமோட் போர்க்கப்பல் கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக ஏங்கியவன் நான், அதனால் முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், புதிதாக வருபவர்கள் தங்களுக்குப் பிடித்த கப்பலைத் தேர்ந்தெடுத்துக் கட்டத் தொடங்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பிடித்த கப்பல் எது என்று கேட்டால் பாதிப் பேர் ஜெர்மனியின் பிஸ்மார்க் என்பார்கள், மீதிப் பேர் ஜப்பானின் யமாட்டோ என்பார்கள், நம் ஊர்க்காரர்கள் கண்டிப்பாக எம்டன் என்பார்கள். மூன்றுமே முதல் கப்பலுக்குச் சரிப்படாது. இப்படி ஆசைப்பட்டு ஆரம்பித்து, பாதி கட்டிய கப்பலைக் கராஜில் தூசி படிய விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்த வருத்தத்தில்தான் சொல்கிறேன்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1970-களின் பிற்பகுதியில் இங்கே டெக்ஸாஸில் தொடங்கிய விளையாட்டு இது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உண்மையாகவே இருந்த போர்க்கப்பல்களை 144-இல் ஒரு பங்கு அளவில் செய்து, குளத்தில் விட்டு, ஒன்றையொன்று நிஜமாகவே சுட்டு மூழ்கடிப்பார்கள். கப்பலின் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வராத பால்சா மரத் தகடு ஒட்டியிருக்கும். துப்பாக்கிக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தம், சுடுவது 4.5 மி.மீ. எஃகுக் குண்டு, நம் சைக்கிள் கடை பால்ரஸ் மாதிரி. ஓட்டை விழும், தண்ணீர் ஏறும், உள்ளே இருக்கும் சின்ன பம்ப் அதை வெளியே இறைக்கும், இறைக்க முடியாத அளவுக்கு ஏறினால் கப்பல் அடியில் போய்விடும். மூழ்கிய கப்பலிலிருந்து நூல் கட்டிய மிதவை ஒன்று மேலே வரும், அதைப் பிடித்து இழுத்து, துடைத்து, ஓட்டைகளை ஒட்டி, அடுத்த சண்டைக்குத் தயாராகிவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீளத்தை 144-இல் ஒரு பங்காகக் குறைத்தால் எடை 144-இல் ஒரு பங்காகக் குறையாது, கிட்டத்தட்ட 30 லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். புதிதாக வருகிற யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. எம்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல், தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த பெயர், அதைக் கட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. அசல் கப்பல் 118 மீட்டர் நீளம், பதின்மூன்றரை மீட்டர் அகலம். மாடலில் நீளம் 82 செ.மீ. வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அகலம் ஒன்பதரை செ.மீ.-கூட வராது, தாங்கக்கூடிய மொத்த எடை ஒன்றேகால் கிலோ சொச்சம். அதற்குள் பேட்டரி, மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர், பம்ப், வாயு சிலிண்டர், அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், துப்பாக்கி எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அடைத்துவிடலாம், அடைத்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் எல்லாம் பல கப்பல் கட்டிக் கை பழகியவர்கள். கனமான சாமான் எதையாவது கொஞ்சம் மேலே வைத்துவிட்டால் திரும்பும்போதே சாய்ந்து தண்ணீரை அள்ளும். நான்கைந்து ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. புதியவர் கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

யமாட்டோவில் பிரச்சினை வேறு. 263 மீட்டர் கப்பல், மாடலில் ஒரு மீட்டர் 82 செ.மீ., முழுப் பாரத்தோடு கணக்குப் போட்டால் 24 கிலோ பக்கம் வரும். அதைக் காரில் ஏற்றுவதே ஒரு வேலை. வழுக்குகிற குளக்கரையில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், மூழ்கினால் உள்ளே நிரம்பிய தண்ணீரோடு சேர்த்து இழுக்க வேண்டும். பெரிய கப்பலுக்குத் துப்பாக்கிகளும் அதிகம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குழாய், ஒரு வால்வு, கசிய ஒரு இடம். முதல் கப்பலிலேயே இத்தனையையும் சரிபார்த்துக்கொண்டிருந்தால் கப்பல் ஓட்டக் கற்றுக்கொள்வது எப்போது? பிஸ்மார்க்கும் ஒன்றே முக்கால் மீட்டர், கிட்டத்தட்ட இதே கதைதான். இன்னொன்று, பெரிய கப்பல் தண்ணீரில் இறங்கியதுமே எதிரணியில் இருக்கிற பழைய கைகள் எல்லாம் அதைத்தான் குறிவைப்பார்கள். அது திரும்ப நிறைய இடம் எடுக்கும், ஓட்டுகிறவர் புதியவர் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படியானால் எதை எடுப்பது? முதல் உலகப்போர்க் காலத்து நடுத்தரப் போர்க்கப்பலை எடுங்கள் என்பேன். குறிப்பாகச் சொல்லச் சொன்னால் ஜெர்மனியின் பேயர்ன், அல்லது அதன் ஜோடிக் கப்பல் பாடன். 180 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மாடலில் ஒன்றேகால் மீட்டர், 21 செ.மீ. அகலம், எடை ஒன்பதரை கிலோ பக்கம். எம்டனோடு ஒப்பிட்டால் நீளம் ஒன்றரை மடங்குதான், ஆனால் தாங்குகிற எடை ஏழு மடங்குக்குக் குறையாது. ஒரே ஆள் தூக்கலாம், சின்னக் காரின் பின்சீட்டில் வைக்கலாம், உள்ளே கை விட்டு ஒரு ஒயரைச் சரிசெய்ய இடம் இருக்கும். கை நுழையாத கப்பலில் சண்டைக்கு நடுவே எதையும் பழுதுபார்க்க முடியாது, புதியவருக்கு அந்தப் பழுதுபார்ப்புதான் பாதி வேலை. அசல் பேயர்னில் இரண்டு சுக்கான்கள் இருந்தன, விதிகள் அசலை ஒட்டியே போவதால் மாடலிலும் இரண்டு வைத்துக்கொள்ளலாம், நன்றாகத் திரும்பும். வேகத்தில் சுமார்தான், பரவாயில்லை. வேகமான கப்பல் புதியவரைக் காப்பாற்றாது, சட்டென்று திரும்பும் கப்பல் காப்பாற்றும்.

நேச நாட்டு அணியில் சேர விரும்புகிறவர்களுக்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் கப்பல். கிட்டத்தட்ட அதே அளவு, மாடலில் ஒரு மீட்டர் 20 செ.மீ. நீளம், இரண்டே ப்ரொப்பெல்லர், அதனால் உள்ளே இயந்திர வேலை சுலபம். அசல் கப்பலே இன்னும் இருக்கிறது என்பது எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. 1948-இலிருந்து இங்கே ஹூஸ்டன் பக்கத்தில் அருங்காட்சியகமாக இருந்தது, 2022-இல் பழுதுபார்க்க கால்வெஸ்டனுக்கு இழுத்துப் போனார்கள். மேல்தளம், கோபுரம், பீரங்கிக் கூண்டு என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் படங்களுக்குப் பஞ்சமே இல்லை.

அணி என்று சொன்னேன் அல்லவா, பல போட்டிகளில் ஜெர்மனி, ஜப்பான், இத்தாலி கப்பல்கள் ஒரு பக்கம், பிரிட்டன், அமெரிக்கா முதலியவை மறுபக்கம் என்று பிரிப்பார்கள். ஆகவே கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே யாரோடு சேர்ந்து சண்டை போடப் போகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் கிளப்பில் உங்களுக்கு உதவக்கூடியவர் எந்த அணி என்று முதலில் விசாரியுங்கள். அதைவிட முக்கியம், அந்தக் கிளப் எந்த விதிப்படி விளையாடுகிறது என்று கேளுங்கள். எல்லாக் கப்பலும் ஒரே அளவுக் குண்டைச் சடசடவென்று சுடும் முறை ஒன்று. பீரங்கியின் அசல் அளவுக்கு ஏற்பக் குண்டின் அளவும், கப்பலுக்கு ஏற்பப் பால்சாவின் கனமும் மாறுகிற, பீரங்கிக் கூண்டு சுழன்று சுடுகிற முறை இன்னொன்று. இரண்டாவது பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் சுழலும் கூண்டைச் செய்வது புதியவருக்குச் சிரமம். ஒரு முறைக்குக் கட்டிய கப்பல் மற்றதில் அப்படியே செல்லாது. இதைக் கேட்காமல் இணையத்தில் கப்பல் கூட்டை வாங்கிவிட்டு அப்புறம் விதிப்புத்தகத்தைத் திறந்தால் காசும் போச்சு, ஆசையும் போச்சு.

உள்ளே கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய கப்பலை விலைக்கு வாங்கும்போதும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேல்தளத்தைக் கழற்றிவிட்டு அடித்தளத்தை விரலால் தடவிப் பாருங்கள். நன்றாகக் கட்டிய கப்பலில் அடிப்பகுதியை மரமோ எபாக்ஸியோ போட்டு இரண்டு ஓரமும் உயர்த்தி, நடுவே வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள், பம்ப் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் நடுவுக்கு ஓடி நேராகப் பம்புக்குப் போகும். அடித்தளம் தட்டையாக இருந்தால் தண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் அலைந்து, கப்பல் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் சேர்ந்து சாய்த்துவிடும், பம்ப் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கப்பலில் கால் வாளித் தண்ணீர் இருந்தாலே போதும், கவிழ்ந்துவிடும். பம்ப் தண்ணீரை வெளியே விடும் துளைக்கு விதியில் அளவு உண்டு, எட்டில் ஒரு அங்குலம்தான், அதனால் பெரிய பம்ப் வாங்கித் தப்பித்துக்கொள்ள முடியாது. வாய்க்கால் சரியாக இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. அப்புறம் ரிசீவரின் ஆண்டெனா தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கோபுரத்துக்குள் போகிறதா என்று பாருங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணீருக்குள் போகாது.

ஆம், பழைய கப்பலையே வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். முதல் கப்பலைத் தானே கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை மதிக்கிறேன், ஆனால் ஒரு சீசன் முழுவதும் சண்டை போட்டுப் பார்த்த பிறகு கட்டுகிற கப்பல் எத்தனையோ மடங்கு நன்றாக வரும். எந்த ஒயர் முதலில் நனைகிறது, எந்தத் திருகு கழல்கிறது என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். காசு கையில் இல்லையென்றால் சரக்குக் கப்பல் ஒன்றைக் கட்டுங்கள். சில போட்டிகளில் சரக்குக் கப்பல்கள் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்து அணிக்குப் புள்ளி சேர்க்கும், போர்க்கப்பல்கள் அவற்றைக் காக்கும். துப்பாக்கி இல்லை, வாயு இல்லை, மோட்டாரும் பம்பும் ரிமோட்டும் போதும். குண்டு மழைக்கு நடுவே அதைக் கரை சேர்ப்பதில் இருக்கிற பதற்றம் போர்க்கப்பல் ஓட்டுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

புள்ளிக் கணக்கைக் கட்டுரையில் விட்டுவிட்டீர்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே விழுந்த ஓட்டைக்கு 10, மட்டத்தில் விழுந்தால் 25, கீழே விழுந்தால் 50. அதனால்தான் பழைய ஆட்கள் பக்கவாட்டுத் துப்பாக்கியைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து, உரசுகிற தூரத்துக்கு வந்து சுடுவார்கள். அந்த ஓட்டம் பழக நாளாகும். புதியவருக்குப் பின்பக்கம் நோக்கிய துப்பாக்கிகள்தான் நல்லது, ஓடிக்கொண்டே சுடலாம், துரத்துகிறவர் தானாக வந்து மாட்டுவார். குண்டு தீர்ந்ததும் 'ஐந்து' என்று உரக்கச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் மூழ்காமல் தாக்குப்பிடித்தால் கரையேறலாம். பேயர்ன் மாதிரி கப்பலில் இந்த ஐந்து நிமிடத்தை ஒரு புதியவர் பிழைத்துவிட வாய்ப்பு உண்டு, எம்டனில் கஷ்டம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் கரையில் நிற்கும் இரண்டு சிறுவர்கள் கண்ணாடி இல்லாமல் இருக்கிறார்கள். எஃகுக் குண்டு தண்ணீரில் பட்டு எகிறி எந்தப் பக்கமும் போகும். சண்டை நடக்கும்போது ஓட்டுபவர், வேடிக்கை பார்ப்பவர், நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறவர் என்று யாராக இருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கரைக்கு அருகே விடக்கூடாது, கிளப்புகளில் இது கண்டிப்பான விதி. அடுத்த முறை இந்த விளையாட்டைப் பற்றிப் போடும்போது தயவுசெய்து கண்ணாடி போட்டவர்களின் படமாகப் போடுங்கள், கூடவே பெட்டிச் செய்தியாக இதையும் நான்கு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஹூஸ்டன், டெக்ஸாஸ்